படபடப்பும் தூக்கமின்மையும் இருப்பவருக்கு யோகா எப்படி உதவும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: சில மாதங்களாகத் தூக்கம் சரியில்லை, சின்ன விஷயத்துக்கும் நெஞ்சு படபடக்கிறது, நடந்து முடிந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். தெரிந்தவர்கள் எல்லோரும் யோகா செய், மனசு சரியாகிவிடும் என்கிறார்கள். உடம்பை வளைப்பதற்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்? உண்மையிலேயே பலன் உண்டா? உண்டு என்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கம் இன்னும் கெடுவது, அடங்கியிருந்த நோய் திரும்புவது என்று பல தொல்லைகள் வரும். சில வகைத் தூக்க மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குறைப்பதானால் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். யோகாவை மாத்திரையோடு சேர்த்துச் செய்யலாம், அதில் ஒரு தடையும் இல்லை. யோகா பற்றிய பல ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான்.

இனி மற்ற கேள்விகள். பலன் உண்டு. பல வருடங்களாக யோகா சொல்லிக் கொடுக்கிறேன், இது பற்றி வெளியாகும் ஆய்வுகளையும் விடாமல் படிக்கிறேன். இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பலன் எங்கிருந்து வருகிறது என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. குனிந்து கால்விரலைத் தொட்டுவிட்டால் கவலை தீர்ந்துவிடாது. ‘கவலைப்படாதே’ என்று மனதுக்கு உத்தரவு போட்டாலும் அது கேட்காது. கேட்பதாக இருந்தால் உங்களுக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது. இதயத்துடிப்பு, செரிமானம், வியர்வை எல்லாம் தானாக நடப்பவை, நம் பேச்சுக்கு மசியாதவை. மூச்சும் தானாகத்தான் நடக்கிறது. ஆனால் நினைத்த மாத்திரத்தில் அதை நாம் கையில் எடுத்துக்கொள்ள முடிகிறது. யோகாவால் மனதுக்குக் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதி இந்த ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது என்பது என் உறுதியான கருத்து.

இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். துடிப்பு கிடைத்ததும், மூக்கு வழியாக மனதுக்குள் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். பிறகு ஆறு எண்ணும் வரை அவசரமில்லாமல் விடுங்கள். இப்படி ஐந்தாறு முறை. இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கியும், விடும்போது கொஞ்சம் தள்ளித் தள்ளியும் விழுவது விரலுக்கே தெரியும். இளவயதினருக்கு இது நன்றாகவே பிடிபடும். வயது ஏற ஏற இந்த வேறுபாடு குறைந்துகொண்டே வரும், எனவே உங்களுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம்.

விரலுக்கடியில் நடப்பது என்ன? மூளைத்தண்டிலிருந்து கிளம்பி கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை இறங்குகிறது வேகஸ் என்ற நரம்பு. மண்டையிலிருந்து வெளிவரும் பன்னிரண்டு இணை நரம்புகளில் இது பத்தாவது. இதயம் ஓட்டமெடுக்காமல் இழுத்துப் பிடித்திருப்பது இதன் வேலைகளில் ஒன்று. மூச்சை இழுக்கும்போது அந்தப் பிடி சற்றுத் தளர்கிறது, விடும்போது மீண்டும் இறுகுகிறது. ஆகவே வெளிமூச்சை நீட்டினால், இதயத்தின் மேல் வேகஸின் பிடி இருக்கும் நேரமும் நீள்கிறது. படபடப்பில் நாம் செய்வது இதற்கு நேர்மாறானது: மார்பின் மேற்பகுதியை மட்டும் தூக்கித் தூக்கி, சின்னச் சின்னதாய், வேகமாக மூச்சு விடுகிறோம். அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் நுனி மரத்துப்போகிறது, தலை லேசாகிறது, நெஞ்சு இறுகுகிறது. ‘என்னமோ ஆகப்போகிறது’ என்று மனம் அலறுகிறது, அதனால் மூச்சு இன்னும் வேகமாகிறது. இந்தச் சுழலில் நம் கைக்கு எட்டும் இடம் மூச்சு மட்டும்தான்.

அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். இதை ஏறக்குறைய ஆறு முறையாகக் குறைக்கும்போது, மூச்சின் தாளமும் இரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் அனிச்சைச் செயலின் தாளமும் ஒன்றோடொன்று பொருந்திவிடுகின்றன. 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. இத்தாலிய ஆய்வாளர்கள் சிலரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள், யோக மந்திரம் ஒன்றையும் உச்சரிக்கவைத்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குக் கொண்டுவந்தன, இரண்டிலுமே அந்த அனிச்சைச் செயல் கூர்மையடைந்தது. இரண்டு வெவ்வேறு மரபுகள், அளவுகோல் எதுவும் இல்லாமலே, உடலுக்கு இதமான ஒரே தாளத்தில் போய் நின்றிருக்கின்றன. உங்களுக்குப் பழக்கமான எந்தப் பிரார்த்தனையாக இருந்தாலும், அதை ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று நிதானமாகச் சொன்னால் இதே வேலையைத்தான் செய்கிறீர்கள்.

மூச்சு மூளையை நேரடியாகவே தொடுகிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலிகளின் மூளைத்தண்டில், மூச்சின் தாளத்தை உண்டாக்கும் பகுதிக்குள் ஒரு சிறு நரம்பணுக் கூட்டத்தை அடையாளம் கண்டார்கள். அது விழிப்பையும் பரபரப்பையும் தூண்டும் பகுதிக்குச் செய்தி அனுப்புகிறது. அந்த நரம்பணுக்களை நீக்கியதும் எலிகள் வழக்கத்துக்கு மாறாகச் சாந்தமாகிவிட்டன. மனித மூளையிலும் அச்சு அசலாக இப்படியே நடக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆனால் ‘மூச்சைக் கவனித்தால் மனம் அடங்கும்’ என்பது வெறும் நம்பிக்கை இல்லை என்று சொல்ல இது போதும்.

பழைய நூல்கள் இதில் எவ்வளவு நுட்பமாக இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் 195 அல்லது 196 சூத்திரங்கள் உண்டு, பதிப்பைப் பொறுத்து. அவற்றில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. மற்றவற்றில் பெரும்பகுதி மனதைப் பற்றியது. சிதறிய மனதோடு கூடவே வருபவை என்று முதல் அத்தியாயத்தில் நான்கைச் சொல்கிறார்: துன்பம், மனத்தளர்ச்சி, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற உள்மூச்சு வெளிமூச்சு. இன்றைக்கு ஒரு மனநல மருத்துவர் பதற்றக் கோளாறின் அறிகுறிகளை எழுதினால் இந்த நான்கும் அதில் இருக்கும். மனதைத் தெளியவைக்கும் வழிகளை அடுத்து அடுக்கும்போது அவற்றில் ஒன்றாக அவர் வைப்பது, மூச்சை வெளியே விட்டு நிறுத்துவதை. உள்ளிழுப்பதைச் சொல்லவில்லை, வெளியே விடுவதைத்தான் சொல்கிறார்.

அப்படியானால் ஆசனம் எதற்கு, மூச்சுப் பயிற்சியே போதுமே என்று தோன்றலாம். சிலருக்குப் போதும். ஆனால் மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஓரிடத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனி என்றால் முடியாது. இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள், அல்லது உட்கார்ந்தபடியே கவலைப்படுவார்கள். உடம்புக்கு முதலில் ஒரு வேலை கொடுக்க வேண்டும். கையைத் தூக்கும்போது மூச்சு உள்ளே, இறக்கும்போது மூச்சு வெளியே என்று அசைவையும் மூச்சையும் கோத்துவிட்டால் மனதுக்கு ஓடியாட இடம் குறைகிறது. ஆசனத்தின் முதல் பயன் இது.

இரண்டாவது பயன் இன்னும் ஆழமானது. வகுப்பில் விருட்சாசனத்தில் நிற்கும் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்கிறார், மறு பாதம் தொடையில். நிற்கும் காலின் விரல்கள் விரிப்பைப் பிறாண்டுகின்றன. தாடை இறுகியிருக்கிறது, புருவம் நெரிந்திருக்கிறது, தோள் காதுவரை ஏறியிருக்கிறது. மூச்சு? அது எப்போதோ நின்றுவிட்டது. விழுந்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை, கால் தரையில் ஊன்றப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் உடம்பு ஏதோ ஆபத்து வந்ததுபோல் நடந்துகொள்கிறது. அலுவலகத்தில் ஒரு கடுமையான மின்னஞ்சலைப் படிக்கும்போதும் அதே தாடை, அதே தோள், அதே நின்றுபோன மூச்சு. அங்கே அவருக்கு அது தெரியாது, இங்கே தெரிகிறது. ‘தாடையைத் தளர்த்துங்கள், மூச்சு விடுங்கள்’ என்று சொல்கிறேன். அவர் தளர்த்துகிறார், ஆட்டம் கொஞ்சம் குறைகிறது. இதைப் பலமுறை பழகிய பிறகு, வகுப்புக்கு வெளியேயும் தாடை இறுகுவது அவருக்குத் தெரிய ஆரம்பிக்கும். தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

உடலுக்குள் நடப்பதை உணரும் இந்தத் திறன் பதற்றத்துக்கு ஆளானவர்களிடம் மங்கியிருப்பதில்லை. உடம்பின் மேல் அவர்களுக்குக் கவனம் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். இதயம் ஒரு துடி அதிகம் துடித்தாலும் அவர்களுக்குத் தெரியும். சிக்கல், அதற்கு அவர்கள் கொடுக்கும் அர்த்தத்தில் இருக்கிறது: துடித்தால் ஆபத்து. யோகாவில் இந்த முடிச்சு மெல்ல அவிழ்கிறது. சூரிய நமஸ்காரம் சில சுற்று செய்தால் இதயம் படபடவென்று அடிக்கும், வியர்க்கும், மூச்சு வாங்கும். பீதி வரும்போது உடம்பில் தோன்றும் அறிகுறிகள் ஏறக்குறைய அத்தனையும் அங்கே இருக்கும், ஆனால் பயம் மட்டும் இருக்காது. உடனே, கை கால்களைத் தளரவிட்டு மல்லாந்து கிடக்கும் சவாசனத்தில் படுத்து அந்தத் துடிப்பு தானாக அடங்குவதைக் கூடவே இருந்து பார்க்கிறீர்கள். ‘இது ஏறும், இறங்கும், எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பதை யாரும் வாயால் சொல்லி நீங்கள் நம்ப வேண்டியதில்லை, உடம்பே கற்றுக்கொள்கிறது. பீதிக் கோளாறுக்கான உளவியல் சிகிச்சையிலும் இதே உத்தி இருக்கிறது. வேண்டுமென்றே படிக்கட்டில் ஏறவைத்தோ ஓரிடத்தில் சுற்றவைத்தோ அந்த உடல் உணர்வுகளை வரவழைத்து, பயமில்லாமல் அவற்றோடு இருக்கப் பழக்குவார்கள். நான் சவாசனத்தை ஒருபோதும் சுருக்குவதில்லை, அதற்கு இதுதான் காரணம். நேரமாகிவிட்டது என்று பலர் முதலில் வெட்டுவது அதைத்தான். மனதுக்காக யோகா செய்பவர் வெட்டக்கூடாதது அது ஒன்றுதான்.

பஸ்சிமோத்தாசனம் போன்ற முன்வளைவுகளில் இன்னொரு பாடம் இருக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து குனியும்போது தொடையின் பின்பக்கம் இழுக்கும். இழுத்தவுடன் மனம் பேச ஆரம்பிக்கும்: என்னால் முடியாது, பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு சுலபமாகக் குனிகிறார், எனக்கு எப்போதும் இப்படித்தான். இழுப்பு ஒன்று, அதைப் பற்றிய பேச்சு வேறொன்று. இரண்டும் தனித்தனி என்று தெரிவது பெரிய விஷயம். இழுப்பு தசையில் இருக்கிறது, மூச்சு விட விட இளகுகிறது. பேச்சைக் கவனித்தால் அது வந்து போய்விடுகிறது, பதில் சொன்னால் வளர்கிறது. அளவோடு தாங்கக்கூடிய அசௌகரியத்தில், ஓடாமலும் மல்லுக்கட்டாமலும் நான்கைந்து மூச்சு இருந்துவிட்டு வருவது ஒரு பயிற்சி. வலி என்றால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அதைத் தாங்குவது யோகா அல்ல.

நடந்து முடிந்ததையே அசைபோடுவதாக எழுதியிருந்தீர்கள். மனச்சோர்வைத் தூண்டுவதிலும் நீட்டிப்பதிலும் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தியானம் இதைத் தொடுகிறது, ஆனால் எண்ணங்களை நிறுத்துவதன் மூலமாக இல்லை. மூச்சில் கவனம் வைக்கிறீர்கள், சில நொடிகளில் மனம் பழைய சண்டைக்குப் போய்விடுகிறது, போய்விட்டது என்று தெரிகிறது, திரும்பக் கொண்டுவருகிறீர்கள். கட்டுத்தறியை விட்டு ஓடிய கன்றை அடிக்காமல் பிடித்துவந்து மறுபடி கட்டுவது போலத்தான். பத்து நிமிடத்தில் நூறு முறை ஓடினால் நூறு முறை திரும்பக் கொண்டுவந்திருக்கிறீர்கள். ‘எனக்குத் தியானமே வரவில்லை, மனசு அலைந்துகொண்டே இருக்கிறது’ என்று வருத்தப்படுபவர்களிடம் நான் சொல்வது, அலைவதைக் கண்டுபிடித்த அந்தக் கணம்தான் பயிற்சி என்பதே. இரவில் படுக்கையில் பழைய நினைப்பு கிளம்பும்போது உங்களுக்கு வேண்டியதும் அந்தக் கணம்தான்: ‘ஓ, மறுபடியும் போய்விட்டேன்’ என்று தெரிவது.

இனி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். மிகைப்படுத்தாமல் சொல்ல முயல்கிறேன், ஏனென்றால் யோகாவின் பெயரால் சொல்லப்படும் மிகைகள் நோயாளிகளைத்தான் காயப்படுத்துகின்றன.

மனச்சோர்வைப் பொறுத்தவரை, 2013-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 12 சோதனைகளை, மொத்தம் 619 பேரை எடுத்துக்கொண்டு பார்த்தது. வழக்கமான பராமரிப்போடு ஒப்பிடும்போது யோகா செய்தவர்களின் சோர்வு குறுகிய காலத்தில் நடுத்தர அளவுக்குக் குறைந்திருந்தது. 2017-இல், மருந்து எடுத்தும் சோர்வு முழுதாகத் தீராத 122 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு யோகா, பாதிப் பேருக்கு உடல்நலம் பற்றிய வகுப்பு. பத்தாவது வாரத்தில் இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் பிறகான மாதங்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் யோகா குழுவினரின் அறிகுறிகள் குறைவாக இருந்தது தெரிந்தது. இது என் வகுப்பு அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: பலன் மெதுவாக வரும், பல சமயம் நாம் எதிர்பார்க்கும் தேதியில் வராது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு, எப்போதும் ஏதாவது கவலை தொற்றிக்கொண்டே இருக்கும் பொதுப் பதற்றக் கோளாறு பற்றியது. 2020-இல் அமெரிக்காவில் வெளியானது. 226 பேர், 12 வாரம், மூன்று குழுக்கள். குண்டலினி யோகா செய்தவர்களில் 54 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம். எண்ணங்களையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சை பெற்றவர்களில் 71 சதவீதத்தினருக்கு. மன அழுத்தம் பற்றிய வகுப்பு மட்டும் கேட்டவர்களில் 33 சதவீதத்தினருக்கு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது உளவியல் சிகிச்சையின் பலன் நிலைத்திருந்தது, யோகாவின் கூடுதல் பலன் நிலைக்கவில்லை. யோகா ஆசிரியராக இந்த முடிவை மறைக்க எனக்கு விருப்பமில்லை. உங்களுக்கு அந்த உளவியல் சிகிச்சை கிடைக்கும் என்றால் அதையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், யோகாவைக் கூடவே செய்யுங்கள். கிடைக்காத இடத்தில், அல்லது யாரிடமும் உட்கார்ந்து பேசத் தயக்கமாக இருக்கும் நிலையில், யோகா ஒரு நல்ல தொடக்கம்.

கொடிய அனுபவத்துக்குப் பிறகு வரும் மனவடுக் கோளாறில் 2014-இல் ஒரு குறிப்பிடத்தக்க முடிவு வந்தது. எத்தனையோ சிகிச்சைக்கும் தீராத 64 பெண்களிடம் நடந்த சோதனை அது. பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம், மனவடு உள்ளவர்களுக்கென்று மாற்றியமைத்த மென்மையான யோகா. முடிவில் அவர்களில் 52 சதவீதத்தினர் அந்த நோயின் வரையறைக்குள் வரவில்லை, ஒப்பீட்டுக் குழுவில் இது 21 சதவீதம்தான். தன் உடம்புக்குள் இருப்பதே பயமாகிப்போன ஒருவருக்கு, அந்த உடம்பை எப்போது அசைப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத் தானே முடிவு செய்யும் வாய்ப்பு கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூளையின் வேதியியலிலும் தேடியிருக்கிறார்கள். காபா என்பது மூளையின் கொந்தளிப்பை அடக்கும் வேதிப்பொருள். பதற்றத்துக்குத் தரும் சில மாத்திரைகள் வேலை செய்வதும் அதன் வழியாகத்தான். 2007-இல் பாஸ்டனில் ஒரு மணி நேரம் யோகா செய்த அனுபவசாலிகளின் மூளையில் இது 27 சதவீதம் கூடியிருந்தது. அதே நேரம் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் மாற்றம் இல்லை. ஆனால் யோகா செய்தவர்கள் எட்டுப் பேர்தான், எனவே இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதே ஆய்வாளர்கள் 2010-இல் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டார்கள்: உடற்பயிற்சி என்பதால்தான் இந்தப் பலனா? 12 வாரம் யோகா செய்தவர்களை, அதே அளவு சக்தியைச் செலவழித்து நடைப்பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மனநிலை மேம்பட்டதும் பதற்றம் குறைந்ததும் யோகா குழுவில்தான் அதிகம்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. மாத்திரைக்குப் பதில் போலி மாத்திரை கொடுக்கலாம், போலி யோகா கொடுக்க முடியாது. தான் யோகா செய்கிறோம் என்று செய்பவருக்குத் தெரியும், குணமாகும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வரும். கனிவான ஆசிரியர், வாரம் தவறாமல் பார்க்கும் முகங்கள், ஒரு மணி நேரம் கைபேசி இல்லாமல் இருப்பது ஆகியவையும் தம் பங்குக்கு உதவும். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். தனிமையில் வாடும் ஒருவருக்கு வகுப்புக்குப் போவதே பாதி மருந்தாக இருக்கலாம், அதைக் குறைத்து மதிப்பிட நான் தயாராக இல்லை.

யோகா எல்லோருக்கும் எல்லா வடிவத்திலும் நல்லது என்பது தவறு. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள் படபடப்பு உள்ளவருக்குப் பீதியை வரவழைக்கக்கூடும். காரணம் மேலே சொன்னதுதான், கரியமில வாயு குறைவது. உங்கள் நிலையில் அவை இப்போதைக்கு வேண்டாம். இருமுனை மனநிலைக் கோளாறு இருப்பவர்கள், மாயக்குரல் கேட்பது போன்ற அனுபவங்கள் உள்ளவர்கள் இந்த வேக மூச்சுகளையும் நாள்கணக்கில் நீளும் மௌனத் தியான முகாம்களையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. தியானத்தில் எல்லோருக்கும் அமைதிதான் வரும் என்பதும் இல்லை. சிலருக்குப் பதற்றம் கூடுகிறது, சிலருக்குப் புதைந்துகிடந்த நினைவுகள் கிளம்புகின்றன. அப்படி நடந்தால் கண்ணைத் திறந்துவிடுங்கள், பாதம் தரையில் படுவதை உணருங்கள், எழுந்து நடங்கள். தொடர்ந்து உட்கார்ந்திருப்பதில் வீரம் ஒன்றும் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால், அது யோகாவுக்கான நேரம் அல்ல. அன்றே மருத்துவரையோ நம்பிக்கையான ஒருவரையோ அணுக வேண்டும்.

எப்படித் தொடங்குவது? இருபது நிமிடம் போதும், ஆனால் முடிந்தவரை தினமும். வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் செய்வதைவிட இது மேல். முதல் எட்டு, பத்து நிமிடம் நின்றபடியும் உட்கார்ந்தபடியும் எளிய அசைவுகள், ஒவ்வொன்றும் மூச்சோடு சேர்ந்து. நேராக நிற்கும் தாடாசனத்தில் கையைத் தூக்கி இறக்குவது, பூனை போல் முதுகை வளைத்து நிமிர்த்துவது, மெதுவான ஒரு முன்வளைவு, ஒரு சமநிலை ஆசனம். பிறகு ஐந்து நிமிடம் மூச்சு: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. இது சுலபமான பிறகு மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி அடைத்து மூச்சு விடும் நாடி சுத்தியோ, வண்டின் ரீங்காரம் போல் ஒலியெழுப்பி வெளிமூச்சை நீட்டும் பிராமரியோ செய்யலாம். மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் கும்பகம் இப்போது வேண்டாம். கடைசியாக ஐந்து நிமிடம் சவாசனம். மூச்சு திணறுவது போல் இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூன்றும் நான்கும் என்றாலும் போதும், வெளிமூச்சு நீளமாக இருந்தால் சரி.

தூக்கத்துக்காக என்றால் படுப்பதற்கு முன் சூரிய நமஸ்காரம் போன்ற வேகமானவற்றைத் தவிர்த்துவிட்டு, சுவரில் காலைச் சாய்த்துப் படுக்கும் எளிய விபரீத கரணியும் நீண்ட வெளிமூச்சும் செய்யுங்கள். கண்ணில் அழுத்தநோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மட்டும் காலை உயர்த்தாமல் தரையிலேயே படுத்துக்கொள்ளலாம். தூங்கியே ஆக வேண்டும் என்ற குறிக்கோளோடு செய்தால் தூக்கம் தள்ளிப் போகும். படுக்கையில் சும்மா மூச்சு விடுவதற்காகச் செய்யுங்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படி அறிவது? அமைதி வந்துவிட்டதா என்று தினமும் மனதைக் குடைந்து பார்க்காதீர்கள், அதுவே ஒரு கவலையாகிவிடும். முதலில் மாறுவது பெரும்பாலும் மீளும் வேகம். கோபமோ பதற்றமோ வரும், ஆனால் முன்பு அரை நாள் இழுத்தது இப்போது ஒரு மணி நேரத்தில் அடங்கும். நடு இரவில் விழிப்பு வரும், ஆனால் மறுபடி கண்ணயர்வது சற்றுச் சுலபமாகும். உடனிருப்பவர்கள் உங்களுக்கு முன்பே இதைக் கவனிப்பார்கள். ஆய்வுகள் பலவும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை நடத்தப்பட்டவை, ஆகவே நீங்களும் அவ்வளவு காலமாவது கொடுத்துப் பாருங்கள்.

ஆசிரியரிடம் போவதாக இருந்தால் உங்களுக்குப் படபடப்பு இருப்பதையும், மாத்திரை எடுப்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு, கண்ணைத் திறந்தே செய்யலாம், வேண்டாதபோது நிறுத்தலாம், உங்களைத் தொட்டுச் சரிசெய்வதற்கு முன் கேட்பேன் என்று சொல்பவர் நல்ல ஆசிரியர். எந்த நோயும் இதில் பறந்துவிடும் என்று சொல்பவரிடமிருந்து விலகியிருங்கள். சில நாள் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள், ஈடுகட்டுவதற்காக ஒரே நாளில் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். எழவே மனமில்லாத காலையில் ஆசனங்களை விட்டுவிட்டு, படுத்தபடியே வயிற்றில் கையை வைத்துப் பத்து நீண்ட வெளிமூச்சு விட்டால் அன்றைய கணக்கு சரி.